பாதுகைப் பூவும் பரிசு மேஜையும்

பூ என்றால் நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு கணக்கு உண்டு. முழம் என்ன விலை, சாயங்காலம் வரை வாடாமல் இருக்குமா, சுவாமி படத்துக்குப் போட்டது போக மிச்சம் தலைக்குக் காணுமா என்பதுதான் அந்தக் கணக்கு. இதில் எதிலும் அடங்காத பூ ஒன்று இருக்கிறது. அதைத் தொடுக்க முடியாது. தலையில் சூட முடியாது. பெரும்பாலும் வாசனையும் கிடையாது. ஒரு சிறு தொட்டியில், வருஷத்துக்கு ஒரு தடவை, அநேகமாக ஒற்றைப் பூவாகப் பூக்கும். ஆனாலும் அந்த ஒரு பூவுக்காக ஐந்து வருஷம், ஆறு வருஷம் என்று காத்திருக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதை மேஜைமேல் ஏற்றி, சுற்றி நின்று ஆராய்ந்து, அதற்குப் பட்டமும் கொடுக்கிறார்கள்!

ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பூவுக்கு இங்கிலீஷில் ‘ஸ்லிப்பர் ஆர்க்கிட்’ என்று பெயர். பூவின் கீழ் இதழ் பை போல உப்பி, முன்பக்கம் மூடிய வீட்டுச் செருப்பைப் போலவே இருப்பதால் வந்த பெயர். ஆசியாவில் உள்ள பெரிய பிரிவுக்குத் தாவர சாஸ்திரிகள் ‘பாபியோபெடிலம்’ என்று பெயர் வைத்தார்கள். ஸைப்ரஸ் தீவில் பாபோஸ் என்ற ஊரில் கோவில் கொண்டிருந்த கிரேக்கக் காதல் தேவதையின் செருப்பு என்று அர்த்தம். தேவதையுடையதாகவே இருக்கட்டும், நம் வீட்டுப் பாட்டி ஒப்புக்கொள்வாளா? “ஏண்டி, கூடத்திலே கொண்டுவந்து வைக்கிற பூவுக்குச் செருப்பைத் தவிர வேறே பேரே கிடைக்கலையா?” என்று கேட்பாள். அதனால் நாம் ‘பாதுகைப் பூ’ என்றே வைத்துக்கொள்வோம். பரதன் தலையில் சுமந்ததற்கு ஒரு மரியாதை உண்டல்லவா?

இந்தப் பாதுகை வெறும் அழகுக்காக ஏற்பட்டதல்ல. அது ஒரு பொறி. விளிம்பில் வந்து உட்காரும் சிறு பூச்சி வழுக்கி உள்ளே விழுந்துவிடும். பக்கங்களில் பிடிப்பே கிடையாது. பின்புறத்தில் மட்டும் ஏணி வைத்தாற்போல் மெல்லிய ரோமங்கள் இருக்கும். அதைப் பிடித்து ஏறினால், மேலே இரண்டு பக்கமும் ஒரு சிறு இடுக்கு. அந்த இடுக்கில் நுழையும்போது முதலில் சூல்முடியில் முதுகு உரசும். பிறகு மகரந்தத்தில் உரசும். ஆக, முந்திய பூவில் ஒட்டிக்கொண்ட மகரந்தத்தை இங்கே இறக்கிவிட்டு, புதிதாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் பூச்சி வெளியேற முடியும். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு சொட்டுத் தேன்கூடக் கூலி கிடையாது. போர்னியோ தீவில் பூக்கும் ‘ராத்ஸ்சைல்டியானம்’ என்ற வகை இன்னும் பெரிய கெட்டிக்காரி. அதன் நடுவில் உள்ள சிறு கேடயத்தில் அசுவினிக் கூட்டம் அப்பியிருப்பதைப் போல ரோமங்கள் இருக்கின்றன. அசுவினியைத் தின்று வளரும் குஞ்சுகளை உடைய ஒரு வகை ஈ, ‘குழந்தைகளுக்குச் சாப்பாடு இருக்கிறது’ என்று நம்பி அங்கே முட்டையிடுகிறது. பூவுக்குக் காரியம் ஆகிவிடுகிறது. குஞ்சுகள் கதி அதோகதிதான்.

மனிதர்கள் இதன் பொறியில் விழுந்த கதையும் சுவாரசியமானது. இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் ஹாரிஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். வீச் குடும்பத்தாரின் நர்ஸரியில் வேலை பார்த்த ஜான் டாமினி என்ற தோட்டக்காரருக்கு, ஒரு ஆர்க்கிட்டின் மகரந்தத்தை இன்னொன்றில் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். டாமினி வளர்த்த முதல் கலப்பின ஆர்க்கிட் 1856-ல் பூத்தது. பாதுகைப் பூவில் முதல் கலப்பினம் 1869-ல் வந்தது. அதற்கு ‘ஹாரிஸியானம்’ என்று வைத்தியர் பெயரையே வைத்துக் குரு தட்சிணை செலுத்திவிட்டார் டாமினி.

இப்படித் தோட்டக்காரர்கள் பொறுமையாகக் கலப்புச் செய்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் பணக்காரச் சீமான்களுக்குப் பைத்தியம் பிடித்தது. காட்டிலிருந்து புது வகை வேண்டும், பக்கத்து வீட்டுப் பிரபுவிடம் இல்லாத வகை வேண்டும்! ஆர்க்கிட் வியாபாரிகள் ஆட்களை ஆசியக் காடுகளுக்கு அனுப்பினார்கள். ‘பேரியானம்’ என்ற அழகான சிறு பூ, நம் நாட்டு வடகிழக்கு மலைகளிலிருந்து போய் 1857-ல் இங்கிலாந்தில் பூத்தது. பிறகு அங்கே இருந்த செடிகள் மடிந்துபோயின. எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஸாண்டர் என்ற பிரபல வியாபாரி, கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு ஆயிரம் பவுன் என்று அறிவித்தார். 1905-ல்தான் பூட்டான் பக்கத்தில் அது திரும்பக் கிடைத்தது. அதே ஸாண்டர், முன்பு சொன்ன ராத்ஸ்சைல்டியானம் கிடைத்தபோது, மற்ற வியாபாரிகள் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று ‘நியூகினியில் கிடைத்தது’ என்று புளுகிவிட்டார். அது போர்னியோவில் கினபாலு மலைச் சரிவில் இருப்பது 1959-ல்தான் மறுபடி தெரிந்தது. அந்தப் பொய்யினால் அந்தச் செடிக்கு எழுபது வருஷம் நிம்மதி கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் மலைச் செடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆமாம், நம் மலைதான். அகத்தியர் வாசம் செய்வதாக நாம் சொல்லும் அகத்தியமலையில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்தில், சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில், பாறையும் புல்லுமான சரிவுகளில் ஒரு பாதுகைப் பூ உண்டு. ‘ட்ரூரியை’ என்று பெயர். 1865-ல் கர்னல் ட்ரூரி என்பவர் கண்டார். சென்னை ராஜதானியின் வன அதிகாரி பெட்டோம் 1874-ல் அதற்குப் பெயர் சூட்டி எழுதிவைத்தார். மஞ்சள் நிறப் பூ. மேல் இதழின் நடுவில், நாமம் இட்டாற்போல் ஒரு பழுப்புக் கோடு. பக்கத்து இதழ்கள் இரண்டிலும் அதே கோடு. பாதுகை மட்டும் தேன் மஞ்சள். அதன் உறவினர்களான மற்ற இந்திய வகைகளெல்லாம் அஸ்ஸாம், மேகாலயா, ஸிக்கிம் என்று சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. நடுவில் எங்குமே இல்லை. இது மட்டும் தென்கோடியில் தன்னந்தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறது, அகத்தியரைப் போலவே!

தனியாக இருந்ததுதான் அதற்கு வினை. இருந்ததே சில சரிவுகளில். அதையும் வேரோடு தோண்டிக்கொண்டு போனார்கள். புல்வெளியில் பரவும் தீ வேறு. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள செடிகளின் பட்டியலில், மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பாலோட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தின் விஞ்ஞானிகள், ஆய்வுக்கூடத்தில் அதைப் பெருக்கி, இளஞ்செடிகளை மலையிலே திரும்ப நட்டிருக்கிறார்கள். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் காட்டில் விடுவது போன்ற வேலை அது.

இங்கிலாந்தே தன் வீட்டுப் பூவை இப்படித்தான் இழந்தது. அங்கே காட்டில் பூக்கும் பாதுகைப் பூ ஒரே ஒரு வகை. தோண்டித் தோண்டி விற்று, 1917-ல் ‘அழிந்தே போயிற்று’ என்று முடிவு கட்டினார்கள். 1930-ல் யார்க்ஷையரில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. இடத்தை ரகசியமாக வைத்து, அதற்குக் காவல் போட்டார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் ஒரே பெண்ணைக்கூட அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இப்போது பரிசு மேஜைக்கு வருவோம். லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் ஸொஸைட்டி 1889-லேயே ஆர்க்கிட்டுக்கென்று தனிக் கமிட்டி ஏற்படுத்தியது. அங்கே ஓட்டெடுத்துப் பரிசைத் தீர்மானிப்பார்கள். 1921-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆர்க்கிட் ஸொஸைட்டியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க். 75 முதல் 79 வரை வாங்கினால் ஒரு பட்டம், 80-லிருந்து ‘அவார்ட் ஆப் மெரிட்’, 90-ம் அதற்கு மேலும் என்றால் ‘பர்ஸ்ட் கிளாஸ் ஸர்டிபிகேட்’. தொண்ணூறு வாங்குவது லேசல்ல. செடி யாருடையது என்பதை நீதிபதிகளுக்குச் சொல்ல மாட்டார்கள். நல்ல ஏற்பாடு! நம் ஊர்க் கோலப் போட்டிகளுக்கும் இதைச் சிபாரிசு செய்யலாம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? மேல் இதழ் நிமிர்ந்து அகலமாக நிற்கிறதா, பின்னால் சுருண்டுவிட்டதா? பக்கத்து இதழ் இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கின்றனவா? பாதுகை, பூவின் அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறதா? நிறம் தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா? இதழ் தடித்து மெழுகு பூசினாற்போல் மினுக்குகிறதா? காம்பு, தலைகுனியாமல் பூவைத் தாங்குகிறதா? வடிவத்துக்கும் நிறத்துக்கும்தான் மார்க்கில் பெரும் பங்கு. அதே தாய் தந்தையருக்குப் பிறந்த செடிகள் முன்பு வாங்கிய பரிசுகளையும் எடுத்துப் பார்த்து, ‘இது அவற்றைவிட ஒரு படி மேலா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகுதான் ஸ்கேலை எடுத்து அளப்பது, படம் எடுப்பது எல்லாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பூவுக்குக் கிடைக்கும் பட்டம் செடிக்கே சொந்தம். அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டு கைமாறினாலும் கூடவே போகும். செழிப்பாக வளர்த்ததற்காகக் கொடுக்கும் ஒரு ஸர்டிபிகேட் மட்டும் வளர்த்தவருக்கு. மாட்டுக்கு ஒரு பரிசு, மாட்டுக்காரருக்கு ஒரு பரிசு என்ற கதைதான்.

பெரிய ஒற்றைப் பூக் கலப்பினங்களில் நெடுங்காலமாக ஒரே லட்சியம்: பூ வட்டமாக இருக்க வேண்டும். இன்ஸைன், வில்லோஸம், ஸ்பைஸரியானம் போன்ற மலைச் செடிகளைக் கலந்து, கலந்ததைத் திரும்பக் கலந்து, தலைமுறை தலைமுறையாக இதழ்களை அகலமாக்கி இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1951-ல் பதிவான ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ அந்த வழியில் பேர் வாங்கிய ஒன்று. எனக்கென்னவோ அந்த வட்டப் பூக்களைப் பார்த்தால் நன்றாகப் பொரித்த அப்பளம்தான் ஞாபகம் வருகிறது. அப்பளம் அழகானதுதான், சந்தேகமில்லை. ஆனால் மூன்றடி வரையிலான நீளத்தில், பின்னிவிட்ட ஜடை போல் இதழ்களைத் தொங்கவிடும் ‘ஸாண்டரியானம்’ அருகே வந்து நின்றால் அப்பளத்தை யார் பார்ப்பார்கள்? நல்லவேளையாக, ஒவ்வொரு வகையையும் அதனதன் இனத்துக்குள்தான் ஒப்பிட வேண்டும் என்பது இப்போது நீதிபதிகளின் வழக்கம்.

பரிசு வாங்கிய செடி ஒன்று வேண்டுமென்றால் என்ன செய்வது? மற்ற ஆர்க்கிட்டுகளில் ஒரு துளி குருத்தை வெட்டிச் சீசாவில் வளர்த்து, அச்சு அசலாக ஆயிரம் செடி உண்டாக்கிவிடுகிறார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆர்க்கிட்டுகள் அப்படி வந்தவைதான். பாதுகைப் பூ அந்த வித்தைக்கு லேசில் மசிவதில்லை. பக்கக் கன்று விட்டால் பிரித்து வைக்கலாம். இல்லாவிட்டால் விதை போட்டு வளர்க்க வேண்டும்.

விதை போடுவது பெரிய கதை. பல் குத்தும் குச்சியின் நுனியில், பிசினாக ஒட்டும் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். உடைத்தால் உள்ளே இருப்பது விதையா, பவுடரா என்று சந்தேகம் வரும். நெல்லுக்கும் உளுந்துக்கும் உள்ளே சாப்பாடு கட்டிக் கொடுத்த பகவான், ஆர்க்கிட் விதைக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. காட்டில் ஒரு வகைப் பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். 1922-ல் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் லூயிஸ் நட்ஸன், பூஞ்சணம் இல்லாமலே சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த அகர் ஜெல்லியில் விதை முளைக்கும் என்று காட்டினார். அகர் என்பது வேறொன்றுமில்லை, ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலூற்றிச் செய்வார்களே, அந்தக் கடல்பாசிதான். சீசாவிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து பெரிய தொட்டி என்று முதல் பூவைப் பார்க்க ஐந்து முதல் ஏழு வருஷம். ஒரே காயில் பிறந்த நூறு செடியும் நூறு விதமாகப் பூக்கும். அதில் ஒன்றோ இரண்டோ பரிசு மேஜைக்குத் தேறும். கலப்பினத்துக்குத் தாய் பெயர், தந்தை பெயர் எழுதிப் பதிவு செய்கிறார்கள். 1906-ல் ஸாண்டர் ஆரம்பித்த ஜாபிதா அது. 1961 முதல் லண்டன் ஸொஸைட்டி எழுதி வருகிறது. நூறு வருஷத்துக்கு முந்திய பாட்டன் பாட்டி யார் என்று ஒரு செடியைப் பற்றிச் சொல்லிவிடலாம். நம் வீடுகளில் எத்தனை ஜாதகம் அப்படிக் கிடைக்கும்?

இந்தப் பொறுமையில்தான் காட்டுச் செடிக்கு விமோசனம் இருக்கிறது. காட்டிலிருந்து தோண்டி வந்த செடி, தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்த செடிக்கு முன்னால் பரிசு மேஜையில் நிற்பது துர்லபம். ராத்ஸ்சைல்டியானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பூவை நல்ல பூவோடு சேர்த்து நர்ஸரியில் வளர்த்த செடிகள், மலையில் இருப்பவற்றைவிட அகன்ற இதழோடு பூக்கின்றன. வியட்நாமில் கிடைத்த ரோஜா நிற ‘டெலனாட்டியை’ இன்னொரு உதாரணம். பிரான்ஸுக்குப் போனவற்றில் பிழைத்தது ஒரே ஒரு செடி. அதன் விதையிலிருந்து பல பத்து வருஷங்களுக்கு உலகம் முழுவதும் அந்தப் பூவை வைத்துக்கொண்டிருந்தது. நம் ட்ரூரியையும் அயல்நாட்டுத் தோட்டங்களில் விதைச் செடியாகச் சௌக்கியமாக இருக்கிறது. அப்படியிருக்க அகத்தியமலையில் கடப்பாரை எதற்கு?

வளர்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர் வாசிகளுக்குச் சிரமமில்லை. சென்னையில் இருப்பவர்கள் பச்சை இலை மலைச் செடிகளின் மேல் ஆசை வைக்காமல், இலையில் திட்டுத் திட்டாகக் கோலம் போட்டாற்போல் இருக்கும் உஷ்ண வகைகளைப் பார்க்க வேண்டும். 1900-ல் உண்டான ‘மாடியே’ என்ற கலப்பினமும் அதன் வழி வந்தவையும் நம் உஷ்ணத்தை ஓரளவு தாங்கும். கிழக்கு ஜன்னல் போதும். உச்சி வெயில் ஆகாது. இந்தச் செடிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கக் கிழங்கு கிடையாது. ஆகவே காயவிடக் கூடாது. சேறாகவும் ஆக்கக் கூடாது. தேங்காய் மட்டைத் துண்டுகளை இரண்டு மூன்று தரம் ஊறவைத்து உப்பு போகக் கழுவி, அடுப்புக்கரியும் சிறு செங்கல் ஜல்லியும் சேர்த்தால் நல்ல கலவை. காலையில் ஊற்றுங்கள்; இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும். போர் தண்ணீரின் உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அதற்கு ஈடில்லை. வருஷம் ஒரு தரம் கலவையை மாற்ற வேண்டும். வேர்கள் கொஞ்சம்தான், அதுவும் பொட்டென்று ஒடியும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற ஜாக்கிரதை தேவை.

“ஒரு தரம் பூத்தது, பிறகு பூக்கவே இல்லை” என்று சில சகோதரிகள் குறைப்படுவதுண்டு. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய வாழை மறுபடி தள்ளுமா? பாதுகைப் பூவும் அப்படித்தான். பூத்த கொத்து மறுபடி பூக்காது. அடியில் வரும் கன்று வளர்ந்து அது பூக்க வேண்டும். அதனால் பூ முடிந்ததும் கவனிப்பைக் குறைக்காமல், கன்றுக்காக மெல்லிய உரத் தண்ணீர் கொடுத்து வாருங்கள். பூத்தால் ஒரு மாதம், இரண்டு மாதம்கூட வாடாமல் நிற்கும். முழம் போட்டு வாங்கும் கணக்கில் பார்த்தாலும் நஷ்டமில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-ல் திருத்தியபோது பாதுகைப் பூ இனத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். காட்டிலிருந்து எடுப்பது குற்றம். வளர்ப்பதற்கும் விற்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகையால் நர்ஸரிக்காரரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன அனுமதி தேவை என்பதை வன இலாகா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். செடியையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நர்ஸரியில் பிறந்ததென்றால் இலைகள் சுத்தமாக இருக்கும். வேர்கள் தொட்டியின் வளைவுக்கு வளைந்திருக்கும். பக்கத்துச் செடிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் இருக்கும். இலையில் பழைய பூச்சிக்கடித் தழும்பு, பாசி, வெட்டிய மொட்டை வேர், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான கொத்துக்கள் இதெல்லாம் தென்பட்டால் அது மலையிலிருந்து வந்த சரக்கு. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கூடையில் போட்டுக்கொள்ளாமல் வந்துவிடுங்கள்.